படிவத்துக்குள் அடங்காத வாழ்க்கை: தரவுகளை மட்டும் நம்புவதன் ஆபத்து

முல்லைத்தீவு மாவட்டத்தின் மீள்குடியேற்றக் கிராமமொன்றில் சந்தித்த அம்மா ஒருவரிடம் பழைய பொலித்தீன் பை ஒன்று இருந்தது. முகாமில் தந்த பதிவு அட்டை, காணாமல் ஆக்கப்பட்ட மகன் தொடர்பாக ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள், வீட்டுத்திட்டக் கடிதம், கடைசியாக அஸ்வெசும மேன்முறையீட்டுப் பற்றுச்சீட்டு. எல்லாவற்றையும் பாய் மீது பரப்பி வைத்துவிட்டுச் சொன்னார்: "வீடு இருக்கு எண்டு எழுதிக்கொண்டு போனவை பிள்ளை. அந்த வீட்டை முடிக்கப் பட்ட கடனை எழுத அதிலை இடம் இல்லையாம்."

தரவுகளைச் சேகரிப்பதில் அரசும் வங்கிகளும் நிறுவனங்களும் காட்டும் ஆர்வம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிறது. யாருக்கு உதவி, யாருக்குக் கடன், யார் மீது சந்தேகம் என்பதையெல்லாம் இனித் தரவே தீர்மானிக்கும் என்கிறார்கள். மனிதர் பாகுபாடு காட்டுவர், கணினி காட்டாது என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். போரைக் கடந்து வந்த நாம் இந்த நியாயத்தை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியுமா?

22 குறிகாட்டிகளும் ஒரு கல்வீடும்

சமுர்த்தியில் அரசியல் தலையீடு அதிகம் என்ற குற்றச்சாட்டின் பின்னணியில் 2023 இல் அஸ்வெசும அறிமுகமானது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்துகள், வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்களுக்குப் புள்ளியிடப்பட்டது. பட்டியல் வெளியான சில வாரங்களுக்குள்ளேயே ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. இத்தனை பேரும் பொய் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வதைவிட, அளவுகோலில் ஏதோ பிழை இருக்கிறது என்று சந்தேகிப்பதே அறிவுடைமை.

வன்னியில் அந்தப் பிழையை விளங்கிக்கொள்வது கடினமல்ல. போருக்குப் பின்னர் இந்திய வீட்டுத்திட்டத்தில் குடும்பமொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கிடைத்தது. பல குடும்பங்களுக்கு அது போதவில்லை. நகையை அடகு வைத்தும், நுண்நிதி நிறுவனங்களிடம் கடன்பட்டும் வீட்டை முடித்தார்கள். படிவத்தில் அது நிரந்தர வீடு, ஆகவே வசதியின் அடையாளம். அந்த வீட்டுக்குள் வசிப்பவருக்கோ அது வறுமையின் காரணங்களில் ஒன்று. இரண்டும் ஒரே சுவர்தான். படிவம் சுவரைப் பார்க்கிறது, சுவர் எழுந்த கதையைப் பார்ப்பதில்லை.

தொழில் செய்வோரின் நிலையும் இதுதான். கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் ஒருவரின் பழைய தவணைத் தவறுகள் தெரியும். அந்தத் தவறு இடம்பெயர்வினால் வந்ததா, ஏமாற்றும் எண்ணத்தினால் வந்ததா என்பது தெரியாது. சந்தையில் காசுக்கு மரக்கறி விற்கும் பெண்ணுக்கு வங்கிக் கணக்கு அசைவுகளே இல்லாமல் இருக்கலாம். இருபது வருடம் நாணயமாக வியாபாரம் செய்தவராக இருந்தாலும், பதிவு இல்லாதவர் நம்பத்தகாதவர் ஆகிவிடுகிறார். வங்கி கைவிட்ட இடத்தில், வாராவாரம் வீட்டு வாசலுக்கு வந்து அறவிடும் கடன்காரர் நுழைந்துவிடுகிறார்.

கணினி பொய் சொல்லாதா?

பிரித்தானியத் தபால் நிறுவனத்தின் கதை எல்லோருக்கும் பாடமாக இருக்க வேண்டும். 1999 முதல் அங்குள்ள உப தபாலகங்களில் 'ஹொரைசன்' என்ற கணக்கியல் மென்பொருள் பொருத்தப்பட்டது. கையில் இருந்த காசுக்கும் கணினி காட்டிய தொகைக்கும் இடையில் விளக்க முடியாத பற்றாக்குறைகள் தோன்றின. உப தபாலதிபர்கள் தாம் திருடவில்லை என்று மன்றாடினார்கள். நிறுவனமோ கணினியை நம்பியது. கணினி சரியாகவே இயங்கியது என்று கருதும் சட்ட அனுமானமும் நிறுவனத்துக்குத் துணைநின்றது. 900 பேருக்கு மேல் குற்றவாளிகளாக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர், சிலர் உயிரை மாய்த்துக்கொண்டனர். பிழை மென்பொருளில் இருந்தது. தீர்ப்புகளை மொத்தமாக இரத்துச் செய்யும் சட்டம் 2024 இல்தான் வந்தது.

நீதிமன்றங்களும் சுதந்திர ஊடகங்களும் ஓரளவு இயங்கும் ஒரு நாட்டிலேயே இதைத் திருத்த இருபது வருடங்களுக்கு மேல் சென்றது. தன் தாய்மொழியில் ஒரு கடிதத்தைப் பெறுவதற்கே போராட வேண்டிய எமது மக்களுக்கு எத்தனை வருடம் செல்லும்?

எண்களை வைத்திருப்பவர் யார்?

தரவு நடுநிலையானது என்ற வாதத்துக்கு எமது வரலாறே மறுப்பு. 1983 ஜூலையில் கொழும்பில் வன்முறைக் கும்பல்கள் தமிழர் வீடுகளைத் தேடி வந்தபோது அவர்களின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. வாக்களிப்பதற்கென எழுதிய பெயர்கள் எரிப்பதற்கான பட்டியலாயின. அண்மைய உதாரணமும் உண்டு. வங்காளதேசத்தில் ஐ.நா. அகதிகள் முகவரகம் பதிவு செய்த ரோஹிங்யா அகதிகளின் விபரங்கள், அவர்கள் தப்பியோடி வந்த அதே மியன்மார் அரசிடம் சென்று சேர்ந்ததை 2021 இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் அம்பலப்படுத்தியது. ஒரு தேவைக்காகக் கொடுத்த தகவல் இன்னொரு தேவைக்குப் போகாது என்பதற்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

2009 இன் தொடக்கத்தில் வன்னியில் சிக்கியிருப்போர் சுமார் எழுபதாயிரம் பேர் மட்டுமே என்று அரசு சொன்னது. களத்தில் இருந்த அரச அதிகாரிகளின் கணக்கோ அதைப்போல் பல மடங்கு. உணவும் மருந்தும் சிறிய எண்ணுக்கு ஏற்பவே அனுப்பப்பட்டன. பசிக்கும் மனிதர் கண்முன் இருந்தும், ஏட்டில் இல்லாததால் அவருக்குச் சோறு இல்லாமற் போனது.

அதே சமயம், அந்தப் பொய்யை உடைக்க உதவியதும் தரவுதான். 2008 ஒக்டோபரில் கச்சேரிகளில் இருந்த வன்னி மக்கள்தொகைப் பதிவையும், பின்னர் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோரின் தொகையையும் ஒப்பிட்டு, 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

எனவே தரவே வேண்டாம் என்பது எமது நிலைப்பாடாக இருக்க முடியாது. காணி உறுதியைத் தொலைத்தவருக்குப் பதிவின் பெறுமதி தெரியும். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. எம்மைப் பற்றிய விபரங்களை அரசு முடிவில்லாமல் கேட்கிறது, அரசைப் பற்றிய விபரங்களை நாம் கேட்டால் கதவு மூடப்படுகிறது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் ஒரே பெயரை, ஒரே திகதியை, ஒரே இடத்தை எத்தனை ஆணைக்குழுக்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டார்கள்? கோப்புகள் பெருகின. பிள்ளைகள் எங்கே என்பதற்கு மட்டும் பதில் வரவில்லை. தகவல் திரட்டுவதே ஒரு செயற்பாடாகக் காட்டப்பட்டு, நீதி பிற்போடப்பட்டுக்கொண்டே போகிறது.

அடுத்து வருவது

இப்போது இந்திய நன்கொடை உதவியுடன் தனித்துவ டிஜிட்டல் அடையாள அட்டை வரவிருக்கிறது. விரல் அடையாளம், கருவிழி, முகம் ஆகியன பதிவாகும். கடவுச்சொல்லை மாற்றலாம், கருவிழியை மாற்ற முடியாது. இந்தத் தகவல்களைப் பாதுகாக்க வேண்டிய 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். கடைசி நேரத்தில் அது பிற்போடப்பட்டது. கணினி தானாக எடுத்த தீர்மானத்தை மீளாய்வு செய்யக் கோரும் உரிமையும் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. தேசிய பாதுகாப்பு என்ற பெயரில் விதிவிலக்குக்கும் அதில் இடமுண்டு. அந்தச் சொல்லின் கீழ் எமக்கு என்னவெல்லாம் நடந்தது என்பதை இங்கு விளக்கத் தேவையில்லை.

2011 இல் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் இராணுவத்தினர் வீடு வீடாகக் குடும்ப விபரங்களைப் பதிவு செய்தபோது, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உச்ச நீதிமன்றம் சென்றது. பதிவு நிறுத்தப்படும் என்று சட்டமா அதிபர் தரப்பு உறுதியளிக்க நேர்ந்தது. கேள்வி கேட்டால் பலன் உண்டு என்பதற்கு அது ஒரு சான்று. கையெழுத்து வைக்கும் முன் ஒவ்வொருவரும் கேட்கலாம்: இந்த விபரம் எதற்கு? யார் பார்ப்பார்கள்? எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள்? பிழை இருந்தால் யாரிடம் திருத்துவது? கொடுப்பனவு மறுக்கப்பட்டவர்கள் தமது புள்ளிகள் எப்படிக் கணக்கிடப்பட்டன என்பதை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கோரலாம். தமிழிலேயே கோரலாம். சட்ட உதவி அமைப்புகளும் எமது பிரதிநிதிகளும் இதைக் கிராமங்களுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நாடாளுமன்றத்தில் டிஜிட்டல் அடையாளம் பற்றிப் பேசப்படும்போது வடக்கு கிழக்கின் அனுபவமும் அங்கே பேசப்பட வேண்டும்.

அந்த அம்மா கடதாசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பப் பைக்குள் வைத்தார். மகனின் படத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். "இதுகளிலை ஒண்டையும் எறியேல்லை. நாளைக்கு இன்னொருத்தர் வந்து முதலிலை இருந்து கேப்பினம்" என்றார். பதினைந்து வருடங்களுக்கு மேலாக அவர் தகவல் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். அவருக்கு யாரும் இதுவரை ஒரு தகவலும் கொடுக்கவில்லை.