மேடையிலே பொன்னாடை, வீட்டிலே காகிதக் குவளை

கூத்தைப் போற்றாத கலைவிழா இன்று எம்மிடையே அரிது. மண்ணின் கலை என்றும் மக்களின் கலை என்றும் மேடைதோறும் முழங்குகிறோம். அண்ணாவியார் ஒருவரை அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். அருகில் நின்று படமும் எடுத்துக்கொள்கிறோம். விழா முடிந்தபின் அதே அண்ணாவியார் எமது வீட்டுக்கு வந்தால் எந்தக் குவளையிலே தேநீர் கொடுக்கிறோம்? இக்கேள்வியை எழுப்பாத கலைப்பேச்சு வெறும் பேச்சேயாகும்.

பிறரைச் சாடுமுன் எம்மையே கூண்டில் நிறுத்துவோம். சில ஆண்டுகட்கு முன் வடபகுதிப் பாடசாலையொன்றில் மாணவர்க்குக் கூத்துப் பழக்க முதியவர் ஒருவரை அழைத்திருந்தோம். தாழ்ந்தவர் எனச் சொல்லி ஊர் ஒதுக்கிவைத்த குறிச்சியைச் சேர்ந்தவர் அவர். மத்தளத்தில் அவர் கை விழுந்ததும் பின்வாங்கிலே தூங்கி வழியும் பிள்ளையின் காலும் தாளம் பிடித்தது. ஒருநாள் மாலை அவரை எமது வீட்டுக்கு அழைத்துச் சென்றோம். விறாந்தையில் இருவரும் அமர்ந்தோம். எமக்குப் பீங்கான் கோப்பையிலே தேநீர் வந்தது. அவருக்குக் காகிதக் குவளையிலே வந்தது. அவர் ஒன்றும் கூறவில்லை. குடித்து முடித்ததும் குவளையைக் கசக்கித் தமது சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். நாம் அதைக் கண்டோம். கண்டும் இராவணேசனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

"அம்மா பழைய காலத்து ஆள்" என்று பின்னர் எமக்கு நாமே சமாதானம் கூறினோம். எத்துணை வசதியான சமாதானம்! அடுக்களைக்குள் நாம் என்றேனும் நுழைந்ததுண்டா? ஒரு கோப்பையைக் கழுவியதுண்டா? ஊரின் பழிச்சொல்லை முதலிற் சுமப்பவள் அவள் என்பதை எண்ணியதுண்டா? சாதியைக் காக்கும் வேலையை வீட்டுப் பெண்களிடம் விட்டுவிட்டு, முற்போக்குப் பேசும் வேலையை மாத்திரம் நாம் எடுத்துக்கொண்டோம். குற்றம் அன்னையின் கையில் இருந்ததைவிட எமது வாயின் மௌனத்திலேயே அதிகம் இருந்தது.

முன்பு சிரட்டை இருந்தது. பின்பு தேநீர்க்கடைப் போத்தல் வந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் பிறந்தது. சட்டம் ஏட்டில் உறங்கியபோது, 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்நகர் நோக்கி ஒடுக்கப்பட்ட மக்கள் ஊர்வலமாகத் திரண்டனர். அடியும் உதையும் பட்டுத் தேநீர்க்கடைகளையும் ஆலயக் கதவுகளையும் திறப்பித்தனர். அப்போராட்டம் கடையின் போத்தலை ஒழித்தது. வீட்டின் அடுக்களைக்குள் ஊர்வலம் புக முடியாதன்றோ? அங்கே பழைய சிரட்டை காகித உருவிலே மறுபிறவி எடுத்திருக்கிறது.

"காகிதக் குவளை சுகாதாரமானது, கழுவும் வேலையும் மிச்சம்" என்பர் சிலர். நன்று. வீட்டாருக்கும் விருந்தினருக்கும் அதுவே என்றால் எமக்கு வழக்கில்லை. ஒருவருக்கு மாத்திரம் சுகாதாரம் தேவைப்படுவது ஏன்?

"கலை வேறு, சமூகம் வேறு, குவளையைக் கூத்துக்குள் கொண்டுவராதீர்" என்பர் வேறு சிலர். இக்குரல் எமக்குப் புதிதன்று. உழைக்கும் மக்களின் பேச்சும் வாழ்வும் கதைகளில் ஏறியபோது "இழிசனர் இலக்கியம்" என்று முகஞ்சுளித்த பண்டிதர்களின் குரலே இது. அன்று அவர்களை எதிர்த்து எழுதிய அணியின் வாரிசுகள் நாம் என்கிறோம். அப்படியாயின் எமது வீட்டிலேயே அக்குரலை வாழவிடலாமா?

பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையிலே 1962இல் "கர்ணன் போர்", 1964இல் "இராவணேசன்" ஆகியவற்றை மேடையேற்றினார். விடிய விடிய ஆடிய கூத்து, படித்தோரும் அமர்ந்து காணும் வகையிலே சுருங்கிச் செறிந்தது. அது பெருஞ்சாதனை, மறுப்பாரில்லை. ஆயினும் கூத்தின் பிறப்பிடம் படச்சட்ட மேடையன்று, ஊரார் சூழ்ந்திருக்கும் வட்டக்களரி. மட்டக்களப்பிலே அரங்கேற்றம் முடிந்தபின் கூத்தர் வீடு வீடாகச் சென்று ஆடும் வழக்கமும் உண்டு. வீட்டு முற்றம்வரை வரத் தெரிந்த கலை அது. அக்கலையை மண்டபத்திலே வரவேற்றுவிட்டுக் கலைஞனை விறாந்தையோடு நிறுத்துவது கலைப்பற்றாகுமா?

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே, இவ்வாண்டும் உங்கள் பாடசாலைக்கு அண்ணாவியார் வருவார். பொன்னாடை வாங்குமுன் உங்கள் வீட்டு அடுக்களைக்குச் செல்லுங்கள். தேநீரை நீங்களே ஊற்றுங்கள். நீங்கள் குடிக்கும் கோப்பையிலேயே கொடுங்கள். பின்னர் நீங்களே கழுவுங்கள். ஊர் பேசினால் அதற்கு மறுமொழி கூறும் பொறுப்பையும் தாயிடம் விடாதீர்கள்.

நாம் இதனைப் பிந்தியே கற்றோம். கற்றபின் அந்த முதியவரை மீண்டும் வீட்டுக்கு அழைத்தோம். "வேண்டாம் மாஸ்ரர், இஞ்சத்தைத் தண்ணி போதும்" என்று கூறிப் பாடசாலைக் குழாயடியிலே குனிந்து, கைகளில் ஏந்திக் குடித்துவிட்டு மத்தளத்தைத் தோளிலே மாட்டிக்கொண்டு போனார்.