எட்டு சென்டிமீட்டர்

கேரள போலீசில் சேர விரும்பும் ஆண்களுக்கு உயரம் 168 சென்டிமீட்டர். வயது வரம்பு 26. தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கோ 160 போதும். 31 வயது வரை விண்ணப்பிக்கலாம். உடும்பஞ்சோலை ஏலத்தோட்டத் தமிழ் இளைஞர்களுக்கு இந்தச் சலுகை எளிதில் கிட்டுவதில்லை. சாதிச் சான்றிதழ் தர, 1950 ஆகஸ்டு 10-க்கு முன்பே குடும்பம் இங்கு குடியேறியதற்கு ஆதாரம் கேட்கிறார்கள். லயத்தில் வாழ்ந்த தாத்தாவுக்கு ஏது பட்டா? அவர் பெயர் இருந்தால் தோட்டத்தின் பழைய செக்ரோலில்தான் இருக்கும்.

தேவிகுளத்தில் 2021-ல் வென்ற ஏ. ராஜாவின் தேர்தலை, சாதித் தகுதி காரணமாக 2023-ல் ஐகோர்ட்டு ரத்து செய்தது. 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டில்தான் அவருக்கு நியாயம் கிடைத்தது. தோட்டத் தொழிலாளியின் மகன் எங்கே போவான்? செக்ரோலையும் ஆதாரமாக அரசு ஏற்க வேண்டும். பெற்றோரும் ஆள்சேர்ப்பு அறிவிப்பு வரட்டும் என்றிராமல், இப்போதே நெடுங்கண்டம் தாலுகா ஆபீசில் மனுக் கொடுப்பது நல்லது.