இடுப்பு வலியும் பட்டியலும்

இடுப்பு வலிக்குக் கையாலேயே வைத்தியம் உண்டா? அமெரிக்காவில் டெக்ஸாஸ் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 455 பேரைச் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். தசையையும் மூட்டையும் கையால் நீவிச் சரிசெய்யும் சிகிச்சை பெற்றவர்களில் 12 வாரத்தில் நூற்றுக்கு 63 பேருக்கு வலி மிதமாகவேனும் தணிந்தது. பேருக்குப் போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 46 பேருக்கு. 2021இல் பிரான்சில் 400 பேரிடம் நடந்த ஆய்வோ, பலன் சொற்பம் என்றது.

பலன் கிடைத்தவரைக்கும் நல்லதே. ஆனால், தண்டலத்திலிருந்து ஒரகடம் வரை ஷிப்டுக்குப் போகும் தொழிலாளியின் கேள்வி வேறு. இன்று நீவிவிட்டு, நாளை அதே லைனில், அதே வேகத்தில் குனிய வைத்தால் வலி எங்கே போகும்?

சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2010இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் தசை, எலும்பு நோய்களும் உண்டு. நமது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அடுக்கிய 29 நோய்களில் ஈய விஷம் உண்டு, பாதரச விஷம் உண்டு. தேய்ந்த இடுப்புக்கு இடமில்லை! பட்டியலில் இல்லாத நோயை முதலாளி சர்க்காருக்கு அறிவிக்க வேண்டியதில்லை.

தண்டலத்தில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சுற்றிலும் ஆலைகள். டாக்டர்கள் லைனுக்கே வரட்டும்! எத்தனை முறை குனிகிறார்கள், எவ்வளவு பாரம் தூக்குகிறார்கள், எத்தனை நிமிஷம் ஓய்வு என்று தொழிலாளரோடு சேர்ந்து கணக்கெடுக்கட்டும். அந்தக் கணக்கைச் சங்கங்கள் கோரிக்கையாக்கட்டும்.

வலிக்கும் இடத்தில் கை வைத்தால் போதாது. வலி பிறக்கும் இடத்தில் கை வைக்க வேண்டும்!