கணக்கை இயந்திரத்திடம் கொடுங்கள், கடைப்பலகையைக் கொடுக்காதீர்கள்!



உங்கள் வட்டாரக் கடைகளில் காணும் தமிழ்ச் சொற்களைப் படம் எடுத்து வாருங்கள் என்று தொடக்கநிலை மூன்று மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்திருந்தேன். ஒரு சிறுமி, ஈசூனில் தன் வீட்டுக்கு அருகிலுள்ள கடையொன்றின் தீபாவளி விளம்பரத் தாளைப் படம் எடுத்து வந்தாள். விளக்குகள், கோலம், மயில் என எல்லாம் கண்ணைப் பறித்தன. நடுவே தமிழ்போலத் தோன்றும் இரண்டு வரிகள். அவற்றுள் ஒன்றின்மீது விரலை வைத்து, "ஐயா, இந்த எழுத்து எந்த வரிசையில் வரும்?" என்று கேட்டாள்.

அது எந்த வரிசையிலும் வராது. ககரத்தின் உடலும் ளகரத்தின் வாலும் ஒட்டிய ஓர் உருவம். செயற்கை நுண்ணறிவுக் கருவி வரைந்த, நம் 247 எழுத்துகளுக்குள் அடங்காத 248ஆம் எழுத்து! நகைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால், "எனக்குத்தான் தமிழ் படிக்க வரவில்லை என்று நினைத்தேன்" என்று அவள் மெல்லச் சொன்னாள். அந்தச் சொல்தான் என்னை எழுத வைத்தது.

அந்தக் கடைக்காரர் எனக்குப் பழக்கமானவர். விடியலில் கடை திறந்து இரவில் மூடும் உழைப்பாளி. நேரில் சென்று கேட்டேன். "ஐயா, முன்பெல்லாம் ஒரு தாள் தயாராக மூன்று நாள் ஆகும். இப்போது அரை நிமிடம்தான். ஆள் வைத்துச் செய்ய வசதி ஏது?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. வாடகையும் ஆள் பற்றாக்குறையும் சிறுவணிகரை எப்படி நெருக்குகின்றன என்பதை நாம் அறிவோம். சிறிய, நடுத்தர நிறுவனங்களை மின்னிலக்கமாக்கும் திட்டத்தை அரசாங்கம் 2017இல் தொடங்கியது; அவை ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவைச் சோதித்துப் பார்க்கும் திட்டத்தை 2024இல் தொடங்கியது. நான் இதற்கு எதிரி அல்லன். விலைப்பட்டியல், சரக்கிருப்பு, ஊழியர் வேலை நேரம், வாடிக்கையாளரின் வழக்கமான கேள்விகள் ஆகியவற்றைத் தாராளமாகக் கருவியிடம் கொடுங்கள். மிச்சமாகும் நேரத்தில் பிள்ளையோடு அமர்ந்து உண்ணுங்கள். யார் வேண்டாம் என்றார்கள்?

ஆனால் அந்தத் தாளில் நேரம் உண்மையிலேயே மிச்சமானதா? இல்லை, கைமாறியது! கடைக்காரர் மிச்சப்படுத்திய நேரத்தை, எழுத்துக்கூட்டிப் பார்த்துத் தோற்ற சிறுமியும், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்த பாட்டியும், வகுப்பில் விளக்கிய நானும் செலவிட்டோம்.

"தமிழை யார் படிக்கிறார்கள்? எல்லாருக்கும்தான் ஆங்கிலம் தெரியுமே" என்பார் உளர். அப்படியானால் தமிழில் அச்சிடுவானேன்? "இது உங்கள் கடை" என்று உறவு சொல்வதற்காகத்தானே? உடைந்த எழுத்து அந்த உறவைச் சொல்லாது; "உங்கள் மொழியைச் சரிபார்க்க எனக்குப் பொழுதில்லை" என்றே சொல்லும். ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டும் உள்ள சிங்கப்பூர்வாசிகளுள், வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. வீட்டுத் தமிழ் சுருங்கச் சுருங்க, தேக்காவிலும் ஈசூனிலும் தொங்கும் கடைப்பலகைதான் பிள்ளைகளின் இரண்டாவது பாடநூல்.

"கருவி நாளுக்கு நாள் தேறி வருகிறதே" என்பது அடுத்த வாதம். உண்மைதான். தமிழையும் உள்ளடக்கிய 'சீ-லயன்' மொழி மாதிரியை நம் நாட்டிலேயே உருவாக்கியுள்ளனர். எனினும் கருவி எதிலிருந்து கற்கிறது? நாம் எழுதி வைத்தவற்றிலிருந்துதான். ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் இணையத்தில் தமிழ் மிகக் குறைவு. அந்தச் சிறு குளத்தில் சரிபார்க்காத தமிழை நாமே கொட்டினால், இன்றைய பிழை நாளைய கருவிக்குப் பாடமாகிவிடும்.

பிழை புதிதன்று. 2014இல் 'லாவ் பா சாட்' உணவு அங்காடிக்கு வழிகாட்டும் பலகையில், 'சாட்' என்பது சனிக்கிழமையின் ஆங்கிலச் சுருக்கமாகக் கொள்ளப்பட்டு, தமிழில் 'சனி' ஆகிவிட்டது! மக்கள் சுட்டிக்காட்டினர், பலகை மாறியது. பின்னர் 2022இல் அரசாங்கம் திறந்த 'எஸ்ஜி டிரான்ஸ்லேட் டுகெதர்' இணையவாசலும், இயந்திரம் பெயர்த்ததை மனிதர் திருத்துவதற்கு இடம் வைத்தே அமைந்தது. அரசாங்கத்துக்கே மனிதக் கண் தேவைப்படும்போது, நமக்கு வேண்டாமா?

கடைக்காரரை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க இயலாது. துணைப்பாட நிலையமும் சிறுவணிகம்தான். கருவி எழுதிய கருத்தறிதல் பகுதியை அப்படியே அச்சிட்டுப் பிள்ளைகளிடம் நீட்டும் ஆசிரியர்கள் நம்மிடையே இல்லையா? ஆங்கில வாக்கியத்துக்குத் தமிழ்ச் சட்டை மாட்டிய அந்த நடையைப் படித்து வளரும் பிள்ளை எப்படி எழுதும்? நானும் ஒருமுறை அவ்வாறு அவசரப்பட்டு, வகுப்பிலேயே தலைகுனிந்தேன்.

செய்ய வேண்டியது பெரிதன்று. படத்தைக் கருவி வரையட்டும்; எழுத்தை அதற்குள் வரையச் சொல்லாதீர்கள். வாசகத்தை நீங்களே எழுதி, தமிழ் எழுத்துருவில் தனியே சேருங்கள். அச்சுக்கு அனுப்புமுன் கொம்பும் காலும் இடம் மாறாமல் இருக்கின்றனவா என்று, தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். ஐந்து நிமிட வேலை! பெற்றோர்களே, நீங்கள் வாடிக்கையாக வாங்கும் கடையில் "நான் பார்த்துத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். ஆசிரியர்களே, உயர்நிலை மாணவர்களுக்கு இதையே ஒரு பயிற்சியாகக் கொடுங்கள்.

நான் சொல்லிவிட்டேன். அடுத்த தாளை அச்சிடுமுன் காட்டுவதாக அந்தக் கடைக்காரரும் ஒப்புக்கொண்டார். அதை முதலில் படிக்கப்போவது நானல்லன். 'தனக்குத்தான் தமிழ் வரவில்லை' என்று நினைத்த அந்தச் சிறுமிதான்.

சிந்திப்போம்!