கோலத்திற்கும் நடுவரா?

தீபாவளி நெருங்கிற்றென்றால் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பேரங்காடிகளும் சமூக மன்றங்களும் கோலப் போட்டிக்கு அழைப்பு விடுகின்றன. கலை வளர்க்கிறார்களாம்!

புள்ளிகளைத் தொடாது கோட்டை வளைத்து வளைத்து, தொடங்கிய இடத்திலேயே கொண்டு சேர்ப்பது சிக்குக் கோலம். அதன் நுட்பத்தைக் கிஃப்ட் சிரோமணி முதலிய சென்னை அறிஞர்கள் 1974-இல் கணித முறையால் ஆராய்ந்து எழுதினர். பிழைத்தால் அழித்துப் போடலாம். மிதிபட்டால் நாளைக்கு வேறொன்று. அடுக்களையிலும் அலுவலிலும் ஓயாத பெண்ணுக்குக் கேள்வி கேட்பாரற்ற கால்மணி நேரம் இஃதொன்றே.

அங்கும் கடிகாரத்துடன் வந்து நிற்கிறார் நடுவர்! சாயமிட்ட அரிசியில் மயில் தோகை விரித்தால் மதிப்பெண். சிக்குக் கோலத்தை ஏறிட்டுப் பார்ப்பாரில்லை. அண்டை வீட்டுச் சகோதரிகள் ஒருவர் மாதிரியை ஒருவருக்குக் காட்டாது ஒளிக்கின்றனர். முடிவு சொன்னபின் முகங்கொடுத்துப் பேசுவதுமில்லை. முழந்தாள் நோவ உழைத்தவருள் வென்றவர்க்கு ஒரு பரிசுக்கூடை. பேரங்காடிக்கோ கூலியில்லா விளம்பரம்!

அலங்காரம் வேண்டுமாயின் அங்காடியார் கூலி கொடுத்துப் போடுவிக்கட்டும். கலைதான் வளர வேண்டுமென்றால், மன்றத்தார் ஆடவரையும் சிறுவரையும் அழைத்துப் புள்ளி வைக்கக் கற்பிக்கட்டும்; பெண்டிர் அருகே அமர்ந்து சற்று இளைப்பாறட்டும்.