நடைக்குக் கூலி டிபன் அல்ல

"நடந்தாச்சு, இனி என்ன சாப்பிட்டாலும் கரைஞ்சிடும்." காஞ்சிபுரத்தில் காலையில் ராஜ வீதிகளைச் சுற்றிவிட்டு ஓட்டல் வாசலில் கூடுகிறவர்கள் வாயில் சலிக்காமல் வரும் பேச்சு இது. எடையைக் குறைக்க வேண்டும் என்று விடியலில் எழுந்து வந்தவர்களின் உழைப்பை வீணாக்குவது இந்த நம்பிக்கைதான். இது தவறு, அப்பட்டமான தவறு.

எழுபது கிலோ எடையுள்ளவர் மூன்று கிலோமீட்டர் நடந்தால் செலவாவது ஏறத்தாழ 150 கலோரி. அந்த நேரம் முழுவதும் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் உடம்பு கொஞ்சம் செலவழித்திருக்கும். அதைக் கழித்தால் நடையின் பங்கு இன்னும் சுருங்கும். நெய் வழியும் வெண்பொங்கல் ஒரு தட்டு, ஒரு மெதுவடை, சர்க்கரை போட்ட காபி ஆகிய மூன்றும் சேர்ந்தால் 500 கலோரியைச் சுலபமாகத் தாண்டும். முக்கால் மணி நேரத்தில் செலவழித்ததைப் போல மூன்று மடங்கு, பத்தே நிமிடத்தில் உள்ளே போய்விடுகிறது. தமிழக அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை அமைத்தது. நல்ல திட்டம். ஆனால் அந்த எட்டு கிலோமீட்டரையும் முழுதாக நடந்தால்கூட அப்படி ஒரு டிபனுக்கு ஈடாகாது. நடந்து வந்ததும் எடைக்கருவியில் ஏறி அரைக் கிலோ குறைந்ததாக மகிழ்கிறார்களே, அது வேர்வையில் போன தண்ணீர். இரண்டு டம்ளர் குடித்தால் திரும்பி வந்துவிடும்.

"உழைச்ச உடம்புக்குச் சோறு போடணும்" என்பது அடுத்த வாதம். பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் காலால் மிதித்து, கையால் நாடா தள்ளி, நாள் முழுக்கப் பட்டு நெய்தவர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. அவர் பேரன் காந்தி ரோட்டில் கடையில் உட்கார்ந்துகொண்டு, காலையில் ஒரு மணி நேரம் நடந்ததைக் காட்டித் தாத்தாவின் சாப்பாட்டைச் சாப்பிட்டால் அந்த நியாயம் செல்லாது. ஜீன் மேயரும் உடன் ஆய்வாளர்களும் 1956இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. மேற்கு வங்கத்தில் ஒரு சணல் ஆலையைச் சேர்ந்த 213 பேரின் உணவையும் வேலையையும் எடையையும் ஒப்பிட்டார்கள். சுமை தூக்குகிறவர்கள் நிறையச் சாப்பிட்டார்கள், எடை கூடவில்லை. கடையில் உட்கார்ந்திருந்தவர்களோ அசைவு குறைந்ததற்கேற்பச் சாப்பாட்டைக் குறைக்கவில்லை. எடை அவர்களுக்குத்தான் அதிகம். மிச்ச நேரமெல்லாம் உட்கார்ந்திருப்பவர், ஒரு மணி நேரம் நடந்ததால் மட்டும் சுமை தூக்குகிறவர் ஆகிவிட மாட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. தான்சானியாவின் ஹட்சா வேட்டைக்குடிகள் நாள்தோறும் கிலோமீட்டர் கணக்கில் நடக்கிறவர்கள். அவர்கள் ஒரு நாளில் செலவழிக்கும் மொத்தக் கலோரியை ஹெர்மன் பான்ட்சர் குழு அளந்து 2012இல் வெளியிட்டது. உடல் அளவைக் கணக்கில் எடுத்தால், அது மேலை நாட்டு நகரவாசிகளின் செலவோடு ஒத்திருந்தது. கூடுதலாக நடந்த செலவை உடம்பு வேறு இடங்களில் சிக்கனம் பிடித்து ஈடுகட்டுகிறது என்பது பான்ட்சரின் விளக்கம். அப்படியிருக்க, நடந்த கணக்கை அப்படியே தட்டில் வாங்கிக்கொள்வது எப்படிச் சரியாகும்?

நம் ஊர் இட்லியையும் சொல்லியாக வேண்டும். வரதராஜப் பெருமாள் கோயிலில் மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் மணிக்கணக்கில் வெந்து வருவது அது. மிளகு, சீரகம், சுக்கோடு நெய்யும் சேர்ந்தது. பிரசாதமாக ஒரு துண்டு கையில் வாங்கிச் சாப்பிடுங்கள், தவறே இல்லை. "இட்லிதானே, லேசானது" என்று ஓட்டலில் முழுசாக ஒன்றும், அதன்மேல் வடையும் வாங்குவதுதான் தவறு. சாதா இட்லியின் கணக்கு அதற்குப் பொருந்தாது.

சரி, நடந்த பிறகு எவ்வளவு சாப்பிடலாம்? நடக்காத நாளில் சாப்பிடுகிற அளவுதான், ஒரு கரண்டிகூட அதிகம் வேண்டாம். முதலில் தண்ணீர். பிறகு வழக்கமான நேரத்தில் இரண்டு மூன்று இட்லி, நிறையப் பருப்புப் போட்ட சாம்பார். அல்லது முட்டை, சுண்டல். பருப்பும் முட்டையும் பசியை நெடுநேரம் தாங்கும். ஜிம்முக்குப் போகிறவர்கள் அரை மணிக்குள் புரோட்டீன் பவுடர் குடிக்காவிட்டால் தசை கரைந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். நாள் முழுக்கப் போதிய புரதம் சேர்கிறதா என்பதே முக்கியம், அந்த அரை மணி அல்ல. காலையில் பட்டினி கிடந்துவிட்டு மத்தியானம் இரண்டு பங்கு சோறு போட்டுக்கொள்வதும் இதே தவறின் மறுபக்கம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் நடைக்கு முன்னும் பின்னும் என்ன சாப்பிடுவது என்று மருத்துவரிடம் கேட்டு நடக்க வேண்டும்.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 40 பெண்களும் 37 ஆண்களும் அதிக எடையோடு இருக்கிறார்கள். ஆகவே இந்தச் சாப்பாட்டுக் கணக்கு அவசியம்தான். அதற்காக நடையே வேண்டாம் என்று யாரும் இதைப் படிக்க வேண்டாம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் அது செய்கிற நன்மை பெரிது. எடை ஒரு கிராம் குறையாவிட்டாலும் நடக்கலாம்.

நடைக் குழுவாகச் சேர்ந்து போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். "எனக்கு வேண்டாம்பா, வீட்டுல சாப்பிட்டுக்கறேன்" என்று ஒருவர் சொன்னால், "ஒரு வடையில என்ன ஆகிடப் போகுது" என்று அவர் கையைப் பிடித்து ஓட்டலுக்குள் இழுக்காதீர்கள். அவரை வீட்டுக்குப் போக விடுங்கள்.