எந்த டீம் ஜெயிச்சா என்ன, மண்ணு யாருது?



போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வகுப்பில் ஒரு பெரிய சண்டை நடந்தது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதையில் ஆட்டோபாட் டீம் பெரிசா, டிசெப்டிகான் டீம் பெரிசா என்பதுதான் சண்டை. ஒரு பக்கம் ஆப்டிமஸ் பிரைம் ரசிகர்கள், இன்னொரு பக்கம் மெகாட்ரான் ரசிகர்கள். டிபன் பாக்ஸ் மூடியால் பெஞ்சைத் தட்டித் தட்டி வாதாடினார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், தட்டியவர்களில் நானும் ஒருத்தி.

தெரியாதவர்களுக்காக (முக்கியமாக ஆசிரியர்களுக்காக) கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சைபர்ட்ரான் என்று ஒரு கிரகம். அங்கே இருப்பவை எல்லாமே ரோபோக்கள். இரண்டு கூட்டமாகப் பிரிந்து சண்டை போடுகின்றன. அவற்றுக்கு உயிர் கொடுக்கும் பொருளின் பெயர் எனர்ஜான். நமக்குச் சோறு மாதிரி, வண்டிக்குப் பெட்ரோல் மாதிரி. ஒரு தொடரில் ராட்செட் என்கிற டாக்டர் ரோபோ, செயற்கையாகச் செய்த எனர்ஜானைத் தனக்கே ஏற்றிக்கொள்ளும். பலம் பல மடங்கு கூடும். கூடவே கோபமும் கூடிவிடும், நல்ல டாக்டர் முரடாகிவிடும். நம்ம 'எந்திரன்' படத்தில் (2010) சிட்டிக்குச் சிவப்புச் சிப் போட்டதும் என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். கிட்டத்தட்ட அதே கதைதான்.

சைபர்ட்ரானில் எனர்ஜான் தீர்ந்துபோனதும் இரண்டு கூட்டமும் பூமிக்கு வந்துவிடும். இங்கே மண்ணுக்கு அடியில் தோண்டும். கட்டடங்கள் இடியும், ரோடு பிளக்கும், மக்கள் ஓடுவார்கள். கடைசியில் ஒரு டீம் ஜெயிக்கும். நாம் கை தட்டுவோம்.

அன்றைக்குச் சண்டையின் நடுவில் நான் ஒரு கேள்வி கேட்டேன். "சரி, அந்த எனர்ஜான் யாரோட மண்ணுல இருந்துச்சு? அந்த மண்ணுக்கு மேல இருந்தவங்களை யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். "கார்ட்டூன்ல போய் பட்டா கேக்குது பாரு" என்றான் ஒருவன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. இது வெறும் கார்ட்டூன் இல்லை என்பதுதான் என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

வீட்டில் வேலை செய்யாத இயர்போன் ஒன்று கிடந்தது. தம்பியும் நானும் அதை உடைத்தோம். உள்ளே மெல்லிசாக ஒரு தாள், முடி மாதிரிக் கம்பிச் சுருள், அதற்குப் பின்னால் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு காந்தம். அதைக் கத்தரிக்கோலில் ஒட்டினால் நகத்தால் நெம்பித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அறிவியல் சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "இது நியோடிமியம் காந்தமா இருக்கும்மா" என்றார். நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்தது. சாதாரணக் காந்தத்தைவிட இதற்குப் பலம் பல மடங்கு அதிகம். அதனால்தான் மோட்டாரைச் சின்னதாகச் செய்ய முடிகிறது. ரோபோவின் கை மடங்க வேண்டும் என்றால் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மோட்டார் வேண்டும். மோட்டாருக்குக் காந்தம் வேண்டும். மின்சார ஸ்கூட்டர், டிரோன், பெரிய காற்றாலை, ஏவுகணை என்று எல்லாவற்றிலும் இந்தக் காந்தம் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகள் அமெரிக்கக் கம்பெனியும் ஜப்பான் கம்பெனியும் சேர்ந்து 1984-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தவை. நியோடிமியம் காந்தத்தையும் அதே 1984 வாக்கில் அமெரிக்காவில் ஒரு கம்பெனியும் ஜப்பானில் ஒரு கம்பெனியும் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. கதை ரோபோவும் நிஜ ரோபோவின் எனர்ஜானும் ஒரே வயசு!

நியோடிமியம் எங்கே கிடைக்கிறது? தனிம வரிசை அட்டவணையில் கீழே தனியாக இரண்டு வரிசை இருக்குமே, பரீட்சைக்கு வராது என்று நாம் தாண்டிப்போவோமே, அங்கேதான் 60-ஆவது இடத்தில் இருக்கிறது. இந்த வகைத் தனிமங்கள் மொத்தம் 17. அருமண் தனிமங்கள் என்று பெயர். மோனசைட் என்னும் கனிமத்தில் இவை இருக்கின்றன. கூடவே தோரியம் என்கிற கதிரியக்கப் பொருளும் இருக்கிறது. அந்த மோனசைட் நம்ம கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை மணலில் இருக்கிறது. மலைப்பாறை கரைந்து ஆற்றோடு கடலுக்குப் போகிறது. அலை அதைப் புடைத்து, கனமான மணலை மட்டும் கரையில் ஒதுக்குகிறது. நம்ம அம்மா முறத்தில் அரிசி புடைப்பது போலத்தான்.

இதற்காக நடந்த முதல் சண்டை ரோபோ வருவதற்கு ரொம்ப முன்னாடியே நடந்துவிட்டது. திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குக் கயிறு போகும். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர் அந்தக் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். கயிறு வந்த வழியைத் தேடி வந்து மணவாளக்குறிச்சியில் ஆலை வைத்தார். அப்போது அவர்களுக்குக் காந்தம் வேண்டியதில்லை. வேண்டியது தோரியம். காஸ் விளக்கின் மேன்டிலுக்கு அது தேவை. கவுண்டமணி-செந்தில் காமெடியில் செந்தில் உடைப்பாரே, அந்த மேன்டில்தான். அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் தெருக்களுக்கே வெளிச்சம் கொடுத்தது அது. 1914-ல் முதல் உலகப் போர் வந்தது. ஷோம்பெர்க்கை உளவாளி என்று சொல்லிப் பிடித்துவிட்டார்கள். ஆலை ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஒரு டீம் போய் இன்னொரு டீம் வந்தது. மணல் அள்ளிய கூலிக்காரருக்கு முதலாளி பேர் மாறியது, அவ்வளவுதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1950-ல் இந்திய அருமண் நிறுவனம் தொடங்கப்பட்டது. மணவாளக்குறிச்சி ஆலை 1965-ல் அதன் கைக்கு வந்தது. இது அரசு நிறுவனம். இதில் எனக்குச் சந்தோஷம்தான்.

இப்போது இன்றைய ஆட்டோபாட், டிசெப்டிகான் யார் என்று பார்ப்போம். உலகத்தில் சுத்திகரிக்கப்படும் அருமண்ணில் சுமார் 90 சதவீதம் சீனாவில்தான் சுத்திகரிக்கப்படுகிறது. 2010-ல் ஜப்பானோடு கடல் எல்லைத் தகராறு வந்தபோது சீனாவிலிருந்து ஜப்பானுக்கு வரும் அருமண் நின்றுபோனது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா வரியை ஏற்றியது. உடனே சீனா 7 வகை அருமண்ணுக்கும் அவற்றால் ஆன காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது. சண்டை அவர்கள் இரண்டு பேருக்கும். ஆனால் நம்ம நாட்டு மோட்டார் வாகனக் கம்பெனிகளும் காந்தம் கிடைக்காமல் கையைப் பிசைந்தன. மணல் நம்மிடம் இருக்கிறது, காந்தத்தை வெளியே வாங்குகிறோம். அதனால் 2025 நவம்பரில் மத்திய அரசு, காந்தம் இங்கேயே செய்வதற்கு 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது.

நல்ல விஷயம்தானே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் படித்து ரோபோ செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறவள். ஆனால் கிள்ளியூர் பற்றிப் படித்தபோது தொண்டையில் எதுவோ அடைத்தது.

கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் தாலுகாவில் மிடாலம், கீழ்மிடாலம், இனயம் புத்தன்துறை போன்ற ஊர்களில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கத் திட்டம். 2024 அக்டோபர் 1-ஆம் தேதி கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்க இருந்தது. மீனவ மக்களும் மற்றவர்களும் கடுமையாக எதிர்த்ததால் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. கடல் உள்ளே வந்துவிடும், நோய் வரும், ஊரை விட்டே போக வேண்டியிருக்கும் என்பது மக்களின் பயம். எடுத்த இடத்தில் திரும்ப மணல் நிரப்புவோம், மோனசைட்டை எடுத்தால் கதிரியக்கம் குறையத்தான் செய்யும் என்பது நிறுவனத்தின் பதில். இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் விஞ்ஞானி இல்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து, கேட்டு, பதில் சொல்வதற்குத்தானே அந்தக் கூட்டம்?

2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது. அணுக் கனிமம், முக்கியக் கனிமம் எடுக்கும் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பு வேண்டாம் என்று விலக்கு. இதைத் திரும்பப் பெற வேண்டும் என்று தமிழக முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

இங்கேதான் என் கேள்வி திரும்ப வருகிறது. மண்ணுக்கு மேலே இருப்பவர்களைக் கேட்காமலே தோண்டலாம் என்றால் நமக்கும் மெகாட்ரானுக்கும் என்ன வித்தியாசம்?

"நாட்டுக்கு அவசரம், அதனாலதான்" என்று என் தோழி ஒருத்தி சொன்னாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எதிரி நாடு கதவை மூடினால் நாம் சும்மா இருக்க முடியாது. ஆனால் அவளுக்கு என் பதில், நம்ம ஊரையே கேட்டுப் பார் என்பதுதான்.

பாண்டியில் இருக்கும் நமக்கு இரண்டு டீம் சண்டை புதுசு இல்லை. 1693-ல் டச்சுக்காரர் பிடித்தார்கள். 1761, 1778, 1793 என்று மூன்று தடவை ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்தார்கள். எதற்காக? நம்ம மக்கள் நெய்து, அவுரியில் முக்கிய நீலத் துணிக்காகவும் மற்ற வியாபாரத்துக்காகவும். அந்த நீலத் துணி ஆப்பிரிக்கா வரைக்கும் போனது. அந்தக் காலத்து எனர்ஜான் அது. பிரெஞ்சுக்காரர் 1758-ல் கடலூர் புனித டேவிட் கோட்டையை இடித்தார்கள். அதற்குப் பழியாக ஆங்கிலேயர் 1761-ல் நம்ம ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1736 முதல் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, ஊர் விழுவதற்குச் சில நாள் முன்பு அதே ஜனவரியில்தான் கண் மூடினார். ரங்கப்பிள்ளை வீதியில் கடைக்குப் போகிறோமே, அவர் பேரில் உள்ள வீதி அது. 1763-ல் பாரிஸில் ஒப்பந்தம் போட்டு ஊரை பிரெஞ்சுக்காரருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். நம்ம நெசவாளியையும் சாயக்காரரையும் யாராவது கேட்டார்களா? இடித்தபோதும் கேட்கவில்லை, திருப்பிக் கொடுத்தபோதும் கேட்கவில்லை.

அப்போது கேட்க வழி இல்லை, ராஜாக்கள் காலம், கம்பெனிகள் காலம். இப்போது நம்ம நாடு, நம்ம சட்டம். கேட்டுவிட்டுச் செய்தால் இரண்டு வருஷம் தாமதமாகலாம். கேட்காமல் செய்தால் ஊரே நம்பிக்கை இழந்துவிடும். அதைத் திரும்ப நிரப்ப எந்த மணலும் கிடைக்காது.

நான் மணலே எடுக்காதே என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லிவிட்டு இயர்போனில் பாட்டுக் கேட்டால் அது பொய். என் கருத்து மூன்றுதான். ஒன்று, கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயம் வேண்டும், அதுவும் மக்களுக்குப் புரிகிற தமிழில். இரண்டு, தோண்டுவதற்கு முன்னாடி குப்பையில் தேடுங்கள். பழைய ஹார்டு டிஸ்க், இயர்போன், செல்போன் எல்லாவற்றிலும் காந்தம் இருக்கிறது. மூன்று, நம்ம வகுப்பிலிருந்து யாராவது இந்த 17 தனிமங்களைப் படிக்க வேண்டும். அந்தப் பந்தலில் மக்கள் பக்கம் உட்கார்ந்து பதில் சொல்லவும் ஒரு விஞ்ஞானி வேண்டும் அல்லவா?

இரண்டாவது கருத்தை இன்றைக்கே தொடங்கலாம். சாரிடம் அனுமதி வாங்கி, இந்தச் சுவர் இதழுக்குக் கீழே ஒரு அட்டைப்பெட்டி வைத்திருக்கிறேன். வீட்டில் செத்துப்போன இயர்போன், சார்ஜர், பொம்மை மோட்டார் இருந்தால் போடுங்கள். நிறைந்ததும் சார் மின்கழிவு எடுப்பவர்களிடம் சேர்த்துவிடுவார். இதனால் கிள்ளியூர் காப்பாற்றப்படாது, எனக்கே தெரியும். ஆனால் கேட்காமல் எடுத்த ஒரு கைப்பிடி மணலாவது குறையட்டும்.

பெட்டியில் முதலாவதாகக் கிடப்பது எங்கள் வீட்டு இயர்போன். காந்தத்தை மட்டும் தம்பி தரமாட்டேன் என்கிறான். அவனையும் கேட்டுவிட்டுத்தானே எடுக்க வேண்டும், அதனால் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி